உழைப்பவர்க்கு வேண்டும் புரதம் எவ்வளவு?

(நமது சங்கத்தின் ஆண்டு மகாசபைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எமக்கு அளிக்கப்பட்ட பொருள் உணவைப் பற்றியது. உணவைப் பற்றிப் பேசப் புகுவார்க்கு ஓர் இடையூறு உண்டு. கேட்போர் ஒவ்வொருவரும் நாள்தோறும் மும்முறை அப்பொருளைப் பயின்றவராதலின், தம்மினும் அதனை அறிந்தார் பிறர் இலர் என்னும் எண்ணத்தோடே அமர்ந்திருப்பர். ஆயினும் இவ்வாண்டு நம் நிர்வாகக் குழுவின் முன் வந்துள்ள இரண்டு விண்ணப்பங்களை நோக்குமிடத்து, இதனைச் சற்று விரிவாகவே எடுத்துரைத்தல் நம் கடமையாகின்றது.

முதல் விண்ணப்பம் நமது தேகப்பயிற்சிக் கழகத்து இளைஞர்கள் விடுத்தது. புரதப் பொடி வாங்குதற்குப் பொதுநிதியினின்றும் ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கவேண்டும் என்பது அவர்தம் வேண்டுகோள். இரண்டாவது, நம் மாணவர் விடுதியின் சாப்பாட்டை மேம்படுத்தவேண்டும் என்று பெற்றோர் சிலர் எழுதியது. நிதியோ ஒன்றே, இரண்டிற்கும் போதாது. இவ்விரண்டிற்கும் நடுவே பெரியோர் சிலர், “கஞ்சியும் கூழும் குடித்தே நம் முன்னோர் ஏற்றம் இறைத்தனர், மூட்டை சுமந்தனர், சிலம்பம் சுழற்றினர், புரதம் என்பது வியாபாரிகள் கட்டிவிட்ட கதை” என்று கூறி இரண்டையுமே தள்ளிவிட முற்படுகின்றனர். எனவே, உடலால் உழைக்கும் ஒருவனுக்கு உண்மையில் எவ்வளவு புரதம் வேண்டும் என்பதை முதற்கண் தெளிந்துகொண்டாலன்றி இவ்வழக்குத் தீராது.

புரதமாவது யாது? நம் தசை, தோல், மயிர், குருதி, உணவைச் செரிப்பிக்கும் நொதிகள் ஆகிய அனைத்தும் புரதத்தாலாயவை. மேனாட்டார் அதற்கு இட்ட பெயர் ‘முதன்மையானது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றும் பிறந்தது. 1838-ஆம் ஆண்டில் முல்டர் என்னும் டச்சு நாட்டு ரசாயன அறிஞர் அதனை நூலில் வழங்கினார். பெயரே இவ்வாறு மகுடம் சூடிக்கொண்டு வந்தமையால், அதன்மேற் பின்னாளிற் பிறந்த மயக்கங்களுக்கு அளவில்லை. அரிசியிலுள்ள மாவுச்சத்தும் எண்ணெயிலுள்ள கொழுப்பும் கரி, நீர்வாயு, உயிர்வாயு என்னும் மூன்றால் மட்டும் ஆயவை. புரதத்தில் இவற்றோடு நைட்ரஜனும் உண்டு. நூற்றுக்குப் பதினாறு பங்கு அது. உண்ட நைட்ரஜனையும் சிறுநீர் முதலியவற்றில் வெளிப்படும் நைட்ரஜனையும் நிறுத்து ஒப்பிட்டால், உடல் புரதத்தைச் சேர்க்கின்றதா, இழக்கின்றதா, சமநிலையில் நிற்கின்றதா என்பது விளங்கும். புரதக் கணக்குகளிற் பெரும்பாலன இந்தத் தராசைக்கொண்டு எடுத்தவையே.

வளர்ந்த ஒருவனுடைய உடலில் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 250 முதல் 300 கிராம் வரை புரதம் அழிந்து மீண்டும் கட்டப்படுகின்றது. அழிந்தவற்றின் உறுப்புக்களாகிய அமினோ அமிலங்களுட் பெரும்பங்கை உடல் எறிந்துவிடுவதில்லை. பழைய வீட்டை இடித்த கொத்தன் நல்ல செங்கற்களைப் பொறுக்கியெடுத்து மறுபடியும் சுவர் வைப்பதுபோல, அவற்றையே மீண்டும் ஆளுகின்றது. உடைந்து வீணாகும் கற்களுக்கு ஈடாகவே நாள்தோறும் புதிய கல் வேண்டும். அவ்வமினோ அமிலங்கள் இருபது. அவற்றுள் ஒன்பதை உடல் தானே செய்துகொள்ள இயலாது, உணவினின்றே பெறுதல் வேண்டும். பின்னர்க் கூறப்போவதற்கு இவ்வளவு போதும்.

இனி, அளவைப்பற்றிய வழக்கின் வரலாற்றைக் காண்போம். ஜெர்மனி தேசத்து லீபிக் என்னும் பேரறிஞர், தசை வேலை செய்யும்போது தன்னையே எரித்துக்கொள்கின்றது என்றும், ஆதலால் உழைப்பவனுக்கு விறகு புரதமே என்றும் கொண்டார். அவருடைய புகழால் அக்கொள்கை ஐரோப்பா எங்கும் பரவியது. 1865-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிக், விஸ்லிசேனஸ் என்னும் இருவர் இதனைச் சோதிக்க விரும்பினர். முதல்நாள் நண்பகல் தொடங்கிப் புரதமில்லாத உணவையே உண்டு, சுவிட்ஜர்லாந்திலுள்ள பவுல்ஹார்ன் என்னும் மலைமீது ஏறினர். ஏறிய உயரம் ஏறத்தாழ 1,950 மீட்டர். வழியெல்லாம் தம் சிறுநீரைச் சேர்த்துவைத்து நைட்ரஜனை அளந்தனர். அவ்வளவு உயரம் தம் உடலைத் தூக்கிச் சென்ற வேலைக்கு, எரிந்த புரதம் சிறிதும் ஈடாகவில்லை. மலையேறியது மாவுச்சத்தும் கொழுப்புமே என்பது பெறப்பட்டது. மாபெரும் ஆசிரியர் ஒருவரின் கொள்கையை இரண்டு பேராசிரியர்கள் கையில் ஒரு குடுவையைக் கொண்டே அசைத்துவிட்டனர்!

ஆயினும் பழைய எண்ணம் எளிதில் மாயவில்லை. மியூனிக் நகரத்து வாய்ட் என்பார், நடுத்தர உழைப்புள்ள தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 118 கிராம் புரதம் வேண்டும் என்றார். அமெரிக்காவில் ஆட்வாட்டர் என்பார் அதனை 125 ஆக்கினார். இவ்வெண்கள் கிடைத்த வழியை நாம் உற்றுநோக்குதல் வேண்டும். நன்கு உழைத்து நன்கு உண்ணும் மக்கள் எவ்வளவு உண்கின்றனர் என்று பார்த்து, அதுவே அவர்க்கு வேண்டுவது என்று எழுதிவிட்டனர். கலியாண வீட்டில் விருந்தினர் உண்ணும் லட்டுக்களை எண்ணி, மனிதனுக்கு இத்தனை லட்டு இன்றியமையாதது என்று விதிப்பதை இஃது ஒக்கும்.

இதனை மறுத்தெழுந்தவர் யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த சிட்டென்டன். அவர் தம்மையும் தம் உடன் ஆசிரியரையும் முதலிற் சோதனைக்கு ஆளாக்கினார். பின்னர்ப் படைவீரர் 13 பேரையும், பயிற்சியில் தேர்ந்த மாணவ மல்லர் 8 பேரையும் பல மாதங்கள் சோதித்து, 1904-ஆம் ஆண்டில் அம்முடிவுகளை நூலாக வெளியிட்டார். வாய்ட் விதித்ததில் ஏறக்குறைய பாதி அளவிலேயே அவர்கள் உடல் சமநிலையில் நின்றது. மல்லர்களின் வலிமை குறையாததுடன் கூடவும் செய்தது. சோதிக்கப்பட்டவர் சிலரே என்பதும், அவர்கள் பிற சத்துக்களில் யாதொரு குறையுமின்றி உண்டவர் என்பதும் உண்மை. ஆயினும் பாதியளவில் மனிதன் நலிந்துவிடுவான் என்ற அச்சம் அதனால் நீங்கியது.

இவ்விடத்தில் நம் நாட்டைத் தொட்ட ஒரு செய்தியைக் கூறவேண்டும். அது நம்போன்ற சங்கங்கள் நன்கு அறிந்திருக்கவேண்டுவது. கல்கத்தா வைத்தியக் கல்லூரியில் உடலியற் பேராசிரியராயிருந்த மக்கே என்னும் மருத்துவர், வங்காளச் சிறைகளின் உணவை ஆராய்ந்து, 1912-இல் புரதத்தைப்பற்றி ஒரு நூல் எழுதினார். சிட்டென்டனை அவர் கடுமையாக மறுத்தார். சோறுண்ணும் வங்காளியர் உயரத்திலும் ஊக்கத்திலும் குறைந்திருத்தற்கும், வடமேற்குத் திசையார் உரம்பெற்றிருத்தற்கும் புரதத்தின் ஏற்றத்தாழ்வே பெருங்காரணம் என்பது அவர் துணிபு. மக்களைப் போர்க்குலம் என்றும் போர்க்குலமல்லாதது என்றும் பிரித்து அரசாங்கம் படைக்கு ஆள் சேர்த்த காலம் அது. ஒரு சாராரின் தட்டிலிருந்த உணவு அவர்தம் பிறவிக் குணத்திற்கே சான்றாகக் காட்டப்பட்டது. இன்றைக்கும் நம்மவருட் சிலர், “நாம் சோறு தின்னும் சாதி, நமக்கு உடம்பு வராது” என்று சொல்லக் கேட்கின்றோம். அச்சொல் எங்கிருந்து வந்ததென்பதை அவர்கள் அறியார்.

இதற்கு விடை நம் நீலகிரியிலேயே கிடைத்தது. குன்னூரில் ஆராய்ச்சி நடத்திய ராபர்ட் மெக்காரிசன் என்பவர், ஒரே வளர்ப்பில் வந்த எலிகளைப் பல கூட்டங்களாகப் பிரித்து, சீக்கியர் உணவை ஒரு கூட்டத்திற்கும், பட்டாணியர் உணவை ஒரு கூட்டத்திற்கும், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர், சென்னை மாகாணத்தார் ஆகியோர் உணவுகளை ஏனைய கூட்டங்களுக்கும் அளித்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பருப்பு, பால், வெண்ணெய், காய்கறி என்பன அமைந்த சீக்கியர் உணவை உண்ட எலிகள் எடையில் முதலாக நின்றன. தீட்டிய அரிசியே மிகுந்து, பாலும் காய்கறியும் அருகிய சென்னை மாகாணத்தார் உணவை உண்டவை கடைசியாக நின்றன. நமக்கு நாணம் தரும் முடிவுதான். ஆயினும் அதிலேயே நமக்கு ஆறுதலும் உண்டு. அவ்வெலிகள் யாவும் ஒரே குலத்தன. வேறுபட்டவை அவை உண்ட தட்டுக்களே. எந்த எலியும் சீக்கியனாகப் பிறக்கவில்லை. ஆகவே உடலின் உரம் சாதியில் இல்லை, சமையலறையில் இருக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. மெக்காரிசனோ இவ்வேறுபாட்டைப் புரதத்தின்மேல் மட்டும் ஏற்றவில்லை. பாலும் பச்சைக் காய்கறியும் தவிடு நீங்காத தானியமும் தரும் வைட்டமின் முதலியவற்றின் பங்கையும் அவர் வற்புறுத்தினார். குன்னூரிலிருந்த அவ்வாராய்ச்சிச் சாலையே 1958-இல் ஹைதராபாத்திற்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என வழங்குகின்றது.

அந்நிறுவனத்தை நெடுங்காலம் நடத்திய டாக்டர் சி. கோபாலன் சேலத்திற் பிறந்தவர். 1960-களில் உலகெங்கும் புரதப் பஞ்சம் வந்துவிட்டது என்ற பேரொலி எழுந்தபோது, நலிந்த ஏழைக் குழந்தைகளிடம் மெய்யாகக் குறைந்திருப்பது புரதம் மட்டுமன்று, மொத்த உணவே என்று தம் ஆராய்ச்சியால் எடுத்துக்காட்டியவர்களுள் அவர் ஒருவர். விறகு தீர்ந்த வீட்டார் உத்திரத்தை வெட்டி அடுப்பில் வைப்பதுபோல, போதிய சோறில்லாத உடல் தான் உண்ட புரதத்தையும் எரித்துவிடும். வயிறார உண்ணாதவனுக்குப் பருப்பை மட்டும் அளந்து கொடுத்துப் பயனில்லை. பட்டினி கிடந்து பொடி குடிக்கும் இளைஞர்கள் இதனைக் கருதுவாராக.

இனி, இன்றைய அறிவு கூறும் அளவுக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் முதலிய சபைகள் 2007-இல் வெளியிட்ட முடிவும், நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட முடிவும் ஒன்றே. வளர்ந்த மனிதரின் சராசரித் தேவை, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.66 கிராம். ஏறத்தாழ அனைவர்க்கும் போதுமாறு சற்றுக் கூட்டி வைத்த அளவு 0.83 கிராம். 65 கிலோ எடையுள்ள ஆடவருக்கு 54 கிராம். 55 கிலோ எடையுள்ள பெண்டிருக்கு ஏறக்குறைய 46 கிராம். பால், முட்டை போன்ற உயர்ந்த புரதத்தைக் கருதி எழுதப்பட்ட அளவு இது. நம்போல் தானியத்தையே பெரிதும் சார்ந்து உண்பவர், கிலோவுக்கு ஒரு கிராம் என்று கொள்ளலாம். நினைவில் வைப்பதற்கும் அதுவே எளிது: அறுபது கிலோ உடலுக்கு அறுபது கிராம்.

இதிற் பெரியோரும் இளைஞரும் ஒருங்கே வியக்கத்தக்க ஒன்று உண்டு. அந்த 2020-ஆம் ஆண்டு அட்டவணையில், உட்கார்ந்து வேலை செய்யும் ஆடவனுக்கு வேண்டும் உணவின் வெப்பம் 2,110 கலோரி. நடுத்தர உழைப்பாளிக்கு 2,710. கடும் உழைப்பாளிக்கு 3,470. புரதமோ மூவர்க்கும் அதே 54 கிராம். மூட்டை சுமப்பவனுக்கும் கணக்கெழுதுபவனுக்கும் ஒரே அளவா என்று நகைத்தல் வேண்டா. பவுல்ஹார்ன் மலையில் கண்ட உண்மையே இது. உழைப்பு எரிப்பது முதன்மையாக மாவும் கொழுப்பும். அன்றியும், கடுமையாக உழைப்பவன் பசியால் மிகுதியாக உண்கின்றான். அச்சோற்றோடும் கம்பங்கூழோடும் புரதமும் தானே சேர்ந்து வருகின்றது. நூறு கிராம் தீட்டிய அரிசியில் சுமார் 8 கிராம் புரதமும், கம்பில் சுமார் 11 கிராமும் உண்டு. நாளொன்றுக்கு முக்கால் கிலோ தானியம் உண்ட நம் பாட்டனார், அதனாலேயே 60 கிராமைக் கடந்துவிட்டார். அவர் கூழ் குடித்து ஏற்றம் இறைத்தார் என்பது பொய்யன்று. ஆனால் அவர் பேரன் கடையில் உட்கார்ந்து முந்நூறு கிராம் அரிசிச் சோறும், தெளிவான ரசமும், அப்பளமும் உண்டு எழுகின்றான். அவனுக்கு அச்சோற்றிற் கிடைப்பது 24 கிராமே. உழைப்பவனைக் காட்டிலும் உட்கார்ந்திருப்பவன் தட்டிலேதான் பருப்பின் பங்கு மிகுந்திருத்தல் வேண்டும் என்று யாம் கூறின், அது விநோதமாகத் தோன்றலாம். கணக்கிட்டுப் பார்ப்பின் அதுவே உண்மை.

அங்ஙனமாயின் தேகப்பயிற்சி செய்யும் இளைஞர் கேட்பதில் நியாயமே இல்லையோ எனின், உண்டு. பாரம் தூக்கித் தசையை வளர்க்க முயல்பவன், அழிந்ததற்கு ஈடு செய்வதோடு நில்லாமல் புதிதாகவும் கட்டுகின்றான். விளையாட்டு மருத்துவ சபைகள் 2016-இல் இத்தகையோர்க்கு விதித்தது கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை. 2018-இல் 49 ஆய்வுகளையும் அவற்றிற் பங்குகொண்ட 1,863 பேரையும் ஒருங்குசேர்த்து ஆராய்ந்தோர், சராசரியாக 1.6 கிராமுக்கு மேற்பட்ட புரதத்தால் தசை மேலும் வளரக் காணவில்லை. சிலர்க்குச் சற்று மேலும் பயன் இருக்கலாம் என்று இடம் வைத்தனர்; அவ்வளவே. அதிலும் தசையை வளர்த்தது பெரும்பாலும் பயிற்சியே. புரதம் கூட்டியதால் விளைந்த மிகுதி சிறிதே. ஆகவே அறுபது கிலோ எடையுள்ள இளைஞனுக்கு 96 கிராம் போதும். இருநூறு கிராம் உண்கின்றோம் என்று பெருமை பேசுவோர், மிகுதியைத் தசையாக்குவதில்லை. உடல் அதன் நைட்ரஜனைப் பிரித்து யூரியாவாக்கிச் சிறுநீரில் தள்ளிவிட்டு, எஞ்சியதைச் சோறு எரிவதுபோலவே எரிக்கின்றது. அல்லது கொழுப்பாக்கி வைக்கின்றது. விலையுயர்ந்த சந்தனக் கட்டையை அடுப்பில் வைத்துக் குளிர் காய்வதற்கு ஒப்பாகும் இது.

இவ்வளவும் எங்கிருந்து பெறுவது? துவரம்பருப்பு, உளுத்தம்பருப்பு, பயற்றம்பருப்பு, கடலைப்பருப்பு ஆகியவற்றில் நூற்றுக்கு 21 முதல் 24 வரை புரதம். நிலக்கடலையும் அவ்வளவே, ஆனால் எண்ணெய் மிகுதி. சோயா நூற்றுக்கு 35-க்கு மேல். ஒரு முட்டையில் 6 அல்லது 7 கிராம். மீனிலும் கோழியிறைச்சியிலும் நூற்றுக்கு 20-ஐ ஒட்டி. பாலிலும் தயிரிலும் 3 கிராமுக்குச் சற்று மேல். நம்முட் புலால் உண்பாரும் உளர், உண்ணாதாரும் உளர். இருவர்க்கும் வழி உண்டு என்பதை மட்டும் கூறி, அவ்வழக்கினுட் புகாது செல்கின்றோம்.

அரிசியின் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய உண்டு. பருப்பிற் குறைவது மெதியோனின், அது அரிசியில் உண்டு. இரண்டும் ஒரு தட்டிற் கூடும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்கின்றது. நம் தாய்மார்கள் இட்டிலிக்கு உளுந்தும், பொங்கலுக்குப் பயற்றம்பருப்பும் சேர்த்தது ரசாயனம் கற்றா? இல்லை, ஆயினும் கைப்பழக்கம் சரியாகவே இருந்தது. பிழைபட்டது அளவில். தானியம் மூன்று பங்கு, பருப்பு ஒரு பங்கு, பால் இரண்டரைப் பங்கு என்பது ஹைதராபாத் நிறுவனத்தார் கூறும் விகிதம். நம் வீடுகளில் ஒரு கைப்பிடிப் பருப்பைக் கரைத்து எட்டுப்பேர்க்குச் சாம்பார் ஊற்றுகின்றோம். அதனைப் பருப்பு என்பதைவிடப் பருப்பின் நிழல் என்பது பொருந்தும்.

அந்நிழலும் எல்லோர்க்கும் கிடைக்கின்றதா? தாய்மார்கள் இச்சபையில் இருக்கின்றமையால் ஒன்றை ஒளிக்காது கூறுகின்றோம். நம் வீடுகளில் ஆடவர் முதலில் உண்கின்றனர், பின்னர்ப் பிள்ளைகள், அதன்பின் முதியோர், கடைசியில் மருமகள். குழம்பின் அடியிலே திரண்டிருந்த பருப்பும், மீனின் நடுத்துண்டும், தயிரின் ஆடையும் முதற்பந்தியிலேயே போய்விடுகின்றன. எஞ்சிய சோற்றில் மோரை ஊற்றி உண்டெழுபவள், விடியுமுன் எழுந்து நீர் சுமந்து, சமைத்து, துவைத்து, பலவிடங்களில் வயலிலே குனிந்து நாற்றும் நடுகின்றாள். ‘உழைக்கும் மனிதர்’ என்றவுடன் நம் மனக்கண்ணில் மார்பு அகன்ற இளைஞனே தோன்றுகின்றான்; இவள் தோன்றுவதில்லை. நாளொன்றுக்கு 46 கிராம் இவளுக்கு உரியது. கருவுற்ற காலத்தின் கடைசி மூன்று மாதங்களில் அதன்மேல் 22 கிராம் வேண்டும் என்று அட்டவணை கூறுகின்றது. தேகப்பயிற்சிக் கழகத்தார் எழுத்து மூலம் விண்ணப்பம் விடுத்தனர். இவளோ நம்மிடம் ஒருபோதும் விண்ணப்பம் எழுதியதில்லை. எல்லோரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதற்குச் சங்கத்தின் பணம் ஒரு காசும் வேண்டாம்.

முதியோரைப்பற்றியும் ஒரு சொல். வயது ஏற ஏறத் தசை தானே கரைகின்றது. உண்ட புரதத்தை ஆளும் திறனும் மந்தமாகின்றது. ஆதலின் அறுபத்தைந்தைக் கடந்தார்க்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று 2013-இல் கூடி ஆராய்ந்த அறிஞர் குழுவொன்று கூறியது. ‘வயதாயிற்று, ஒருவேளை பலகாரம் போதும்’ என்று ஒதுங்கும் நம் பெரியோர்கள் இதனைச் செவிமடுக்கவேண்டும். சிறுநீரகம் பழுதுற்றவர்க்கு மட்டும் இவ்வளவுகள் பொருந்தா. அவர் மருத்துவரைக் கேட்டே உண்ணுதல் வேண்டும்.

பொடியைப்பற்றி நடுநிலையாகவே பேசுவோம். அதிற் பெரும்பாலானது, பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி செய்தபின் எஞ்சும் தெளிநீரினின்றும் எடுத்து உலர்த்தியது. நஞ்சன்று, நல்ல புரதமே. நல்ல பொடியாயின் ஒரு கரண்டியில் 20 முதல் 25 கிராம் வரை இருக்கும். நோயுற்று உணவு செல்லாதவர்க்கும், சமைக்க ஒழியாத சிலர்க்கும் பயன்படலாம். ஆனால் மாயமும் அன்று; நான்கு முட்டை தருவதையே அதுவும் தருகின்றது. ஒரு கிலோவின் விலையோ சில ஆயிரம் ரூபாய். போதாக்குறைக்கு, 2024-இல் வெளியான ஓர் ஆய்வில், நம் நாட்டில் விற்கும் 36 பொடிகளைச் சோதித்தபோது, 25 பொடிகளின் புரத அளவு மேற்சீட்டில் அச்சிட்டதற்கு ஒவ்வாதிருந்தது. ஐந்தில் பூஞ்சண நஞ்சும் காணப்பட்டது. அதே ஆண்டில் ஹைதராபாத் நிறுவனம் வெளியிட்ட உணவு நெறிகளும், உடலைப் பெருக்கும்பொருட்டு இப்பொடிகளை நாடவேண்டாம் என்றே அறிவுறுத்துகின்றன.

ஆதலின் பொதுநிதியைப் பொடிக்குக் கொடுத்தலாகாது, விடுதிக்குக் கொடுத்தல் வேண்டும் என்பது எமது கருத்து. விடுதியில் இன்று ஒரு மாணவனுக்கு நாளொன்றுக்கு ஆகும் பண்டங்களைச் சமையற்கணக்கினின்றும் எடுத்துப் பார்த்தோம். அரிசி 350 கிராம், பருப்பு 30 கிராம், பாலும் மோருமாக 150 கிராம், காய்கறி சிறிது. இவற்றின் புரதம் முறையே 28, 6, 5, 4. ஆக 43 கிராம். அறுபது கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இது 17 கிராம் குறைவு. அரிசியை 300 ஆகக் குறைத்து, பருப்பை 75 ஆக்கி, மாலையில் 40 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டலாக்கிக் கொடுத்து, பாலும் தயிருமாக 300 கிராம் அளித்தால், 24, 16, 7, 10, காய்கறியின் 4 ஆக 61 கிராம் கிடைக்கும். சாம்பார் கெட்டியாகும் என்பது தவிர வேறு புரட்சி ஒன்றும் நிகழாது.

பயிற்சி செய்யும் இளைஞர்க்கு எஞ்சிய 35 கிராமுக்கும் வழி காட்டவேண்டுமன்றோ? முட்டை உண்பவர்க்கு மூன்று முட்டையும் 40 கிராம் சோயாவும் போதும். உண்ணாதவர் அதே சோயாவோடு ஒரு பிடி வறுத்த நிலக்கடலையும் 400 கிராம் பாலும் கொள்க. இதனைக் காலையும் பகலும் இரவுமாகப் பகிர்ந்துண்பது நன்று. இரவில் ஒரே மூச்சில் விழுங்கவேண்டுவதில்லை. பயிற்சி முடிந்த அரைமணிக்குள் உண்ணாவிடின் எல்லாம் வீண் என்று சில பயிற்சியாசிரியர் அச்சுறுத்துவதாகக் கேள்விப்படுகின்றோம். அன்று முழுவதும் போதிய அளவு உண்டவனுக்கு அவ்வச்சம் வேண்டா. வீட்டுக்கு நடந்துபோய்க் கைகால் கழுவி உண்ணலாம்.

கழகத்து இளைஞர்களும் விடுதியின் மாலைச் சுண்டலிலும் இரவுச் சாப்பாட்டிலும் கலந்துகொள்ளலாம் என்றும், அவர்க்குரிய முட்டை, சோயா, பால் இவற்றின் செலவிற் பாதியைச் சங்கம் ஏற்கலாம் என்றும் ஒரு திருத்தம் கொண்டுவந்துள்ளோம். இதற்காகும் மாதச் செலவுப் பட்டியலைக் காரியதரிசி அவர்கள் பிற்பகல் அமர்வில் படிப்பார். விடுதிச் சமையற்காரரையும் அவ்வமர்வுக்கு அழைத்திருக்கின்றோம். எழுபத்தைந்து கிராம் பருப்பு அவருடைய அண்டாவிற் கொள்ளுமா என்பதை அவரே சொல்லவேண்டும்.